பூட்டிய கிளப் ஹவுஸும் மாறிய கேரியர்களும்

ஏப்ரல் 26, சனி

இந்த இடத்தின் பெயர் இளந்தென்றல் இல்லம். இளசும் இல்ல, தென்றலும் இல்ல. 'இல்ல' மட்டும்தான் எக்கச்சக்கமாக இருக்கிறது. கடை இருக்கா? இல்ல. பஸ் வருமா? இல்ல. சிக்னல்? மொட்டை மாடியில் வரும். ஆனால் மாடி இல்ல.

கோயம்புத்தூரிலிருந்து சிறுவாணி ரோட்டில் வந்து, தென்னந்தோப்புக்கு நடுவே திரும்பினால் அறுபது சின்ன வீடுகள். எல்லாம் ஒரே மஞ்சள். ரிட்டையர் ஆனவர்கள் மட்டும்தான் குடியிருக்கலாம் என்பது சட்டம். நான் இன்னும் எதிலிருந்தும் ரிட்டையர் ஆகவில்லை, ஒன்பதாம் வகுப்பிலிருந்துதான் நேற்று ரிலீஸ் ஆனேன். இருந்தாலும் இங்கே இருக்கிறேன். ஏனென்றால் அம்மாதான் இங்கே சமையல்கூடத்து மேனேஜர். பின்பக்கம் எங்களுக்கு ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். வந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. ஸ்கூல் தோழிகளெல்லாம் லீவுக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். பரவாயில்லை. எனக்குத் தனியாக இருப்பது பிடிக்கும்.

இன்று அசோசியேஷன் கூட்டம். விஷயம் கிளப் ஹவுஸ். கேட்டுக்கு நேரே பெரிய கட்டிடம், முன்னால் கல்யாண மண்டபம் மாதிரி போர்ட்டிகோ. கட்டின நாளிலிருந்து பூட்டு. அதைத் திறந்து எல்லோரும் கூடுகிற ஹாலாக்கலாம் என்று ஒரு கட்சி. பிசியோதெரபிக்காரர்களுக்குக் கொடுக்கலாம் என்று இன்னொரு கட்சி. இரண்டாம் கட்சித் தலைவர் செயலாளர் மருதாசலம் அய்யா. மின்வாரியத்தில் பெரிய இன்ஜினியராக இருந்தவர். எதைப் பேசினாலும் 'தீர்மானம் என்னன்னா' என்று ஆரம்பிப்பார். நான் வைத்த பெயர் தீர்மானலிங்கம்.

"ஏனுங், பாட்டுக் கச்சேரி வெச்சா இடுப்பெலும்பு கூடிக்குமாங்? சாப்பாட்டு ஹாலுக்கே பாதிப்பேர் வர்றதில்லீங். கேரியர்ல வாங்கி வீட்டுக்குள்ள சாப்புட்டுட்டுக் கதவச் சாத்திக்கறோம். இதுல இன்னொரு ஹாலு எதுக்குங்?"

அவர் சொன்னது உண்மை. அதுதான் கடுப்பு.

மே மூன்றாவது ஞாயிறு வாக்கெடுப்பு. அதற்குள் ஆள் கூடுவார்கள் என்று யாராவது காட்டினால் பார்க்கலாமாம். கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் அய்யா என்னைப் பிடித்துக்கொண்டார். "அம்மிணி, தோட்டத்துல 'அமைதி காக்கவும்'ங்கற போர்டுல கால் போட்டு 'காக்காவும்'னு ஆக்கி, பக்கத்துல காக்கா வரைஞ்சது ஆருங்?"

"தெரியலீங்கய்யா. காக்கா நல்லா வந்திருக்குங்களா?"

ஏப்ரல் 27, ஞாயிறு

நாற்பத்தொன்றாம் வீடு. ஞானசௌந்தரி ஆன்ட்டி. எழுபது வயசு. ஆனால் முதல் நாள் நான் பாட்டி என்று கூப்பிட்டதற்கு, "இன்னொருக்க அப்படிக் கூப்பிட்ட, வாயில மொளகாத் தூள வச்சிருவேன் பாத்துக்க" என்றார். பாளையங்கோட்டைக்காரர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர்.

அவர் வீட்டுக்காரர் அற்புதராஜ் அங்கிள். பேங்க் டீமுக்குக் கேரம் ஆடி கப் வாங்கியவர். பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சு இல்லை, வலது கையும் இல்லை. இடது கையால் ஆடுகிறார். அந்தக் கையாலேயே என்னை முட்டை வாங்க வைக்கிறார். ஜெயித்தால் புருவத்தை மட்டும் தூக்குவார். அதைப் பார்த்தாலே எரியும்.

இன்று கேரம் போர்டு ஸ்டூலில் ஏறவில்லை.

"பியூலா போன் போட்டா," என்றார் ஆன்ட்டி. பியூலா அவர்கள் மகள். பெங்களூரில் பதினான்காவது மாடி. "அப்பா போன வாரம் பாத்ரூம்ல சறுக்குனது அவளுக்குத் தெரிஞ்சிட்டு. மே கடைசில வந்து கூட்டிட்டுப் போறேங்கா. நான் சொன்னேன், ஏ, இங்க ஹாலு தெறக்கப் போறாவ, நாலு முகத்தப் பாத்தா அவியளும் தேறுவாவ, கொஞ்சம் பொறுன்னு. 'சரிம்மா, ஹால் வந்தா இருங்க, வரலன்னா கெளம்பணும்'னா. நானும் சரின்னுட்டேன்."

"எதுக்கு சரின்னு சொன்னீங்க?"

"வேற என்னத்தச் சொல்ல? நாள் பூரா இந்த வீட்டுல நானும் செவுருந்தான் பேசிக்கிடுதோம். ஊரு சனம் பேசுறதுக்கெல்லாம் லைன் போட்டுக் குடுத்தவ நான். எனக்கு ஒரு லைன் இல்ல."

அவர்கள் போனால் எனக்கு ஒன்றும் இல்லை. கேரம் போர்டை மட்டும் விட்டுவிட்டுப் போனால் போதும்.

யாருடன் ஆடுவேன் என்பது வேறு விஷயம்.

ஹால் வர வேண்டும். வரவைக்கிறேன்.

ஏப்ரல் 30, புதன்

படுதோல்வி.

அம்மாவிடம் கெஞ்சி போண்டா வாங்கி, செல்லமுத்து அண்ணனிடம் ஸ்பீக்கர் வாங்கி, போர்ட்டிகோவில் 'மாலை மகிழ்ச்சி' வைத்தேன். பழைய பாட்டு, அப்புறம் தம்போலா. செல்லமுத்து அண்ணன்தான் பேட்டரி வண்டியில் வீடு வீடாகக் கேரியர் கொடுப்பவர். அவரே மைக்கில் அழைத்தார். ஊர்த் திருவிழாவில் காணாமல் போன குழந்தையை அறிவிப்பது போல இருந்தது.

வந்தவர்கள்: போண்டாவுக்கு ஒருவர். சத்தத்தைக் குறைக்கச் சொல்ல ஒருவர். போண்டாவுக்கு வந்தவரைத் தேடிக்கொண்டு அவர் மனைவி. ஆன்ட்டி, அங்கிள். தம்போலாவில் நான் நம்பர் கூப்பிடக் கூப்பிட, போண்டாக்காரர் தூங்கிப் போனார். மாலை மகிழ்ச்சி, மாலை மயக்கம் ஆனது.

மருதாசலம் அய்யா வாக்கிங் போகிற வழியில் நின்றார். கோபமாகக்கூட இல்லை.

"அம்மிணி, நீ நல்ல மனசுலதான் பண்றே. ஆனா எங்களுக்கு வெளையாட்டுக் காட்டறதுக்கு நாங்க என்ன பால்வாடிக் கொழந்தைங்களா?"

மிச்ச போண்டாவை நானே சாப்பிட்டேன். எல்லாவற்றையும்.

மே 2, வெள்ளி

வயிறு சரியில்லை.

மே 4, ஞாயிறு

எங்களோடு இல்லாத அப்பா போன் பண்ணினார். சிக்னல் இல்லை, கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

மே 5, திங்கள்

மத்தியானம் கரண்ட் போச்சு. ஒரு அதிசயம் பார்த்தேன்.

அறுபது கதவும் திறந்தது. இத்தனை பேர் இங்கே குடியிருக்கிறார்கள் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். எல்லோரும் வாசலுக்கு வந்து எதிர் வீட்டைப் பார்த்து ஒரே கேள்வி: "உங்க வீட்ல இருக்குதுங்களா?" இல்லை என்று தெரிந்ததும் முகத்தில் ஒரு நிம்மதி! அப்புறம் பேச்சு. டிரான்ஸ்பார்மர் சரியில்லை, இந்த ஆபீஸ்காரர்கள் சரியில்லை, வெயில் சரியில்லை. சரியில்லாததைப் பேசும்போது எல்லோரும் எவ்வளவு சரியாக இருந்தார்கள்! மருதாசலம் அய்யா நடுரோட்டில் நின்று லோடு கணக்கு விளக்கினார். யாரோ குடை பிடித்தார்கள்.

கரண்ட் வந்தது. அறுபது கதவும் மூடிக்கொண்டது.

ஆகவே இவர்களுக்குக் கச்சேரி வேண்டாம், தம்போலா வேண்டாம். ஒரு சிக்கல் வேண்டும். பக்கத்து வீட்டில் போய்க் கேட்டே ஆக வேண்டிய சிக்கல். சிக்கல் செய்வதில் எனக்குச் சிக்கலே கிடையாது.

டிரான்ஸ்பார்மரில் கை வைப்பது சட்டப்படியும் உயிர்ப்படியும் தப்பு. வேறு யோசிக்க வேண்டும்.

மே 7, புதன்

செய்துவிட்டேன்.

விஷயம் இதுதான். இங்கே சாப்பாட்டுக் கேரியர் ஆபீஸ் கொடுப்பதில்லை. அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. எல்லாம் கல்யாணத்துக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் வந்த கேரியர்கள், எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருக்கும். 'க. ராஜம்மாள், 9-6-74' என்று புள்ளி புள்ளியாக. அடையாளத்துக்கு வீட்டு எண் எழுதிய வில்லை ஒன்றை அம்மா கைப்பிடியில் மாட்டுவார். கூடவே ஒரு நூல். சிவப்பு என்றால் சாதாரணச் சாப்பாடு, பச்சை என்றால் உப்பில்லாதது, மஞ்சள் என்றால் சர்க்கரைக்காரர்கள். செல்லமுத்து அண்ணன் வில்லையை மட்டும்தான் பார்ப்பார்.

அம்மா சாம்பாருக்குப் பெருங்காயம் கரைக்கப் போன நேரத்தில் வில்லைகளை மாற்றினேன். பச்சைக்குள் பச்சை, மஞ்சளுக்குள் மஞ்சள், சிவப்புக்குள் சிவப்பு. யார் வயிற்றுக்கும் தப்பான சோறு போகவில்லை. பாத்திரம் மட்டும்தான் வேறு வீட்டுக்குப் போயிற்று.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பதினெட்டாம் வீட்டிலிருந்து ஒரு குரல்: "இது ஆரு, அலமேலு மங்கை?"

அவ்வளவுதான். அடுத்தவர் வீட்டு எவர்சில்வர் நம் வீட்டில் இருந்தால் இந்த ஊரில் யாருக்கும் சோறு இறங்காது. அதைவிட, நம் எவர்சில்வர் எங்கே என்று தெரியாமல் இருப்பது! கதவுகள் திறந்தன. போண்டா கொடுத்துக் கூப்பிட்டும் நகராதவர்கள் கேரியரைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தார்கள். நான் வாட்ஸப் குரூப்பில் அம்மா போனிலிருந்து போட்டேன்: 'கேரியர் மாறியவர்கள் கிளப் ஹவுஸ் போர்ட்டிகோவுக்கு வரவும்.'

வந்தார்கள். கரண்ட் போன நாளைவிட அதிகம்.

"தங்கவேலுங்கறது நீங்களாங்? எதுத்த வீட்ல இருக்கீங், மூணு வருசமா உங்கள முப்பத்தி ரெண்டுன்னுதான் எனக்குத் தெரியும்!"

"உங்க வீட்டுக்காரம்மா பேரு கோமளாவா? எங்க அக்கா பேரு!"

"கேரியர்ல மூணாவது அடுக்கு உங்களோடது இல்லீங்களே. மூடி மட்டும் உங்களோடது."

"மூடிக்கு எதுக்குங்க சண்டை? கொழம்பு ஆறுது!"

கடைசியில் பசி தாங்காமல், யார் கேரியர் என்பதெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்று அங்கேயே படியில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நான் ஓடிப் போய் தட்டும் நாற்காலியும் கொண்டுவந்தேன்.

மருதாசலம் அய்யாவின் கேரியர் நாற்பத்தொன்றுக்குப் போயிருந்தது. அவர் போர்ட்டிகோவுக்கு வராமல் நேரே அங்கே போனார். நானும் பின்னால் போனேன், திட்டு விழுந்தால் ஆன்ட்டிக்குத் துணையாக.

"அது எங்களுதுங். குடுத்துருங்," என்றார். குரல் தீர்மானம் மாதிரி இல்லை.

ஆன்ட்டி முந்தானையால் துடைத்து இரண்டு கையாலும் கொடுத்தார். "பூவாத்தாள்னு போட்டிருக்கு. உங்க வீட்டம்மாவா?"

"ஆமாங். இடுப்பு முறிஞ்சு படுத்தா. டவுன்ல இருந்து பிசியோ பார்க்கறவங்க இவ்வளவு தூரம் வரமாட்டேன்னுட்டாங். எந்திரிக்கவே இல்லீங் அப்புறம்."

அற்புதராஜ் அங்கிள் இடது கையால் எதிர் நாற்காலியைத் தட்டினார். அது நான் உட்காருகிற நாற்காலி. அய்யா உட்கார்ந்தார். கேரம் போர்டைப் பார்த்தார். "எனக்கு ஆடத் தெரியாதுங்," என்றார்.

அங்கிள் புருவத்தைத் தூக்கினார்.

மே 8, வியாழன்

அம்மாவுக்கு நேற்றே தெரிந்துவிட்டதாம். காலையில் தோசை போட்டுக்கொண்டே சொன்னார்.

"செல்லமுத்து மாத்தி வச்சிருந்தா நூல் கலரும் சேந்து குழம்பியிருக்கும். பச்சை பச்சைக்கும் மஞ்சள் மஞ்சளுக்கும் கரெக்டா போயிருக்கு. இவ்ளோ பொறுப்பா தப்பு பண்ற ஆளு இந்த காம்பவுண்டுல ஒருத்திதான் இருக்கா."

"அப்போ பாராட்டுறீங்களா?"

"லீவு முடியற வரைக்கும் செல்லமுத்து கூட நீயும் கேரியர் குடுக்கப் போற. ஆபீஸ்ல எனக்கு விழுந்த திட்டுக்கு இது சரியா போச்சு."

அம்மாவுக்குத் திட்டு விழுந்தது எனக்குத் தெரியாது. நான் அதை யோசிக்கவில்லை. நூலை யோசித்தேன், அம்மாவை யோசிக்கவில்லை.

மன்னிப்பு கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். "இன்னொரு தோசை" என்று வந்துவிட்டது. அம்மா போட்டார்.

இன்று நான் எதையும் மாற்றவில்லை. ஆனாலும் மத்தியானம் பாதிப் பேர் கேரியரோடு போர்ட்டிகோவில். "மறுக்கா மாறியிருக்குமோன்னு பார்க்க வந்தேன்," என்றார் போண்டாக்காரர், தன் பெயர் வெட்டின கேரியரைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு.

மே 13, செவ்வாய்

போர்ட்டிகோ தினமும் நிரம்புகிறது. நான் ஒரு நிகழ்ச்சியும் வைக்கவில்லை. அவர்களே வைத்துக்கொள்கிறார்கள். நிகழ்ச்சியின் பெயர் சண்டை. ரசத்தில் புளி ஏன் குறைந்தது, வேப்ப மரத்தை யார் வெட்டச் சொன்னது, செய்தித்தாளை முதலில் யார் எடுப்பது. தங்கவேலு அங்கிளும் ராஜம்மாள் ஆன்ட்டியும் நேற்று இனிமேல் பேச்சே கிடையாது என்று பிரிந்தார்கள். இன்று அதைச் சொல்லிக்காட்டவே இருவரும் சீக்கிரம் வந்துவிட்டார்கள்.

கேரம் போர்டும் இங்கே வந்துவிட்டது. ஆன்ட்டி எக்ஸ்சேஞ்ச் மாதிரி நடுவில் உட்கார்ந்துகொண்டு லைன் போடுகிறார். "ஏ தங்கவேலு, ஒமக்கு முட்டிவலியா? அந்தா அந்த மூலையில ராஜம்மா இருக்கா பாரும், அவளுக்கும் அதேதான். போயி உக்காரும். பேச மாட்டீரா? வலிய மட்டும் பேசும்."

மருதாசலம் அய்யா தினமும் தோற்கிறார். தோற்றுவிட்டு, "இருந்தாலும் பிசியோதானுங் முக்கியம். தீர்மானம் மாறாது," என்கிறார். ஸ்ட்ரைக்கரை மட்டும் திருப்பித் தர மாட்டார்.

இன்று நான் கேரியர் கொடுத்து முடித்து வந்தபோது அங்கிள் எனக்காக ஒரு பக்கத்தைக் காலியாக வைத்திருந்தார். யாரோ உட்காரப் போனதற்கு ஸ்டிக்கால் தட்டினாராம். ஆன்ட்டி சொன்னார்.

வெயில் அதிகம். கண்ணில் தூசி வேறு.

மே 18, ஞாயிறு

தோற்றுவிட்டோம்.

எப்படி என்பதை எழுதுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

காலையிலேயே எல்லோரும் போர்ட்டிகோவில் கூடிவிட்டார்கள். கையைத் தூக்கி வாக்குப் போடுவார்கள் என்று நான் நினைத்தேன். எண்ணிப் பார்த்தும் வைத்திருந்தேன், ஹாலுக்குத்தான் அதிகம். ஆபீஸ்காரர் வந்து போனைப் பார்த்துப் படித்தார். "பிசியோதெரபி சென்டருக்கே பெரும்பான்மை. நன்றி."

"எங்க வாக்கு எங்கப்பா? நாங்க இன்னும் போடவே இல்லையே," என்றார் ராஜம்மாள் ஆன்ட்டி.

"ஓனர்ஸ் குரூப்ல போட்டாச்சுங்க மேடம்."

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. இங்கே முக்கால்வாசி வீடு பிள்ளைகள் பெயரில். டாலஸில் ஒரு மகன், மெல்போர்னில் ஒரு மகள், சிங்கப்பூரில் ஒரு மருமகன். அப்பா அம்மாவுக்கு எது நல்லது என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் பிசியோ என்றுதான் போடும். நானும் அதைத்தான் போட்டிருப்பேன். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் போர்ட்டிகோவில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு வாக்கே இல்லை. வீட்டில் இருக்கிறார்கள், வீடு அவர்களுடையது இல்லை.

ஆன்ட்டி மெதுவாகக் கேட்டார், "மருதாசலம் அண்ணாச்சி, நீங்க ஜெயிச்சிட்டிய. நீங்களாவது போட்டியளா?"

அய்யா போனை எடுத்துப் பார்த்தார். மீண்டும் பார்த்தார். பிறகு மகனுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டது தெரியாமல்.

"டேய், கேக்காம எப்பிட்றா போட்டே?"

"நீங்க சொன்னதுக்குத்தானேப்பா போட்டேன்? பிசியோதானே வேணும்னீங்க?"

"நாஞ் சொன்னது அப்போ. இப்போ நான் மாத்தியிருந்தா?"

"மாத்திட்டீங்களா?"

"அது எனக்கே தெரியாது! நீ கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன். யோசிச்சாத்தானே தெரியும்!"

போனை வைத்தார். அவ்வளவு பேர் இருந்தும் சத்தமே இல்லை. அமைதி காக்கவும் போர்டுக்கு முதல் முறையாக மரியாதை.

மத்தியானமே பியூலா அக்காவிடமிருந்து ஆன்ட்டிக்குப் போன். அடுத்த ஞாயிறு காரோடு வருகிறாராம்.

"வாக்குக் குடுத்துட்டேம்ல," என்றார் ஆன்ட்டி. பெட்டியை இறக்கச் சொன்னார். பரணிலிருந்து நான்தான் இறக்கினேன். வேண்டுமென்றே மெதுவாக.

மே 19, திங்கள்

முடியாது. நான் விடுவதாக இல்லை.

மே 20, செவ்வாய்

நான் விடாதது பெரிய விஷயமில்லை. மருதாசலம் அய்யா விடவில்லை.

காலையில் தீர்மானப் பேப்பரோடு எங்கள் அறைக் கதவைத் தட்டினார். அம்மா பயந்துவிட்டார், நான் எதையோ செய்துவிட்டேன் என்று.

"அம்மிணி, இதப் படி. என்ன போட்டிருக்கு?"

"கிளப் ஹவுஸ் கட்டிடத்தை பிசியோதெரபி மையத்துக்கு..."

"நிறுத்து. கட்டிடம். போர்ட்டிகோன்னு இருக்குதா?"

"இல்லீங்கய்யா."

"இருக்காது. ஏன்னா எழுதுனது நான். போர்ட்டிகோ பொது வழி. பொது வழில ஆரு வேணும்னாலும் உக்காரலாம்." மீசையைத் தடவிக்கொண்டார். "பிசியோ வரட்டுங். எனக்கும் வேணும். ஆனா எனக்கு வேணும்னு நாஞ் சொல்லோணும்."

அவரைத் தீர்மானலிங்கம் என்று கூப்பிடுவதை இன்றோடு நிறுத்துகிறேன். தீர்மானசிங்கம்.

மே 22, வியாழன்

பிசியோ கட்டில்களோடு மினி லாரி வந்தது. சரியாகச் சாப்பாட்டு நேரம். போர்ட்டிகோ முழுக்க நாற்காலி, நாற்காலி முழுக்க ஆட்கள், ஆட்கள் கையில் கேரியர். கதவுக்கு நேர் எதிரே கேரம் போர்டு.

இறங்கின பிசியோக்காரர் சின்ன வயசு. "கொஞ்சம் வழி விடறீங்களா?"

"தாராளமா விடறோம். சாப்பிட்டுட்டு," என்றார் அய்யா.

"எவ்ளோ நேரம் ஆகும் சார்?"

"பல்லு இருக்கறவன் ஒரு மணி நேரம். மத்தவங்கள நீங்களே கணக்குப் போட்டுக்குங்க."

நான் அவருக்கு ஒரு தட்டு வைத்தேன். பாவம், கோவைக்காய்ப் பொரியலை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாமல் தங்கவேலு அங்கிளின் முட்டியைப் பிடித்துப் பார்த்தார். பிறகு ராஜம்மாள் ஆன்ட்டி, தனக்கும் காட்ட வேண்டும், ஆனால் தங்கவேலுவுக்குப் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்றார். சாயங்காலம் வரை வரிசை. கட்டில்கள் லாரியிலேயே திரும்பின.

"நாளைக்கு வரேன்," என்றார் போகும்போது.

"வாங்க, நாளைக்கு வத்தக்குழம்பு," என்றேன்.

அம்மா இன்று பரிமாறிவிட்டு உள்ளே போகவில்லை. ஆன்ட்டி கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். அம்மா மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்து ரொம்ப நாளாகிறது. எதற்கோ சிரித்தார். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டால் நின்றுவிடும்.

மே 24, சனி

ஆன்ட்டியின் பெட்டிகள் கட்டியாயிற்று. "எல்லாம் ஜெயிச்ச மாதிரிதாட்டி இருக்கு. ஆனா ஹாலு வரலல்ல? சொன்ன சொல்லு சொன்னதுதான்," என்கிறார். எனக்குக் கோபம். இந்த வயசில் எதற்கு இவ்வளவு நாணயம்?

அங்கிள் பெட்டியைப் பார்க்கவே இல்லை. போர்டுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார்.

மே 25, ஞாயிறு

பியூலா அக்கா பதினொன்றரைக்கு வந்தார். களைத்த முகம். கோபக்காரி என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. விடிகாலையிலிருந்து ஓட்டி வந்திருக்கிறார். வந்ததும் பெட்டிகள் டிக்கியில் ஏறிவிட்டன. அப்பாவை அழைத்துப் போக போர்ட்டிகோவுக்கு வந்தவர், கூட்டத்தைப் பார்த்துத் திகைத்தார்.

"என்னம்மா இது, கல்யாணமா?"

"மத்தியானச் சாப்பாடு," என்றார் ஆன்ட்டி. அதற்கு மேல் சொல்லவில்லை. கையில் பர்ஸ், காலில் செருப்பு. கிளம்பத் தயார்.

போர்டில் நான்கு பேர்: அங்கிள், எதிரே நான் ஜோடி. அந்தப் பக்கம் அய்யாவும் தங்கவேலு அங்கிளும்.

"அப்பா, கிளம்பலாம்ப்பா. இருட்டறதுக்குள்ள போகணும்."

அங்கிள் அடித்தார். ஒரு காய் விழுந்தது.

"அப்பா."

இன்னொரு காய்.

பியூலா அக்கா அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்தார். "இங்க பாருங்க, நான் உங்கள அடைச்சு வைக்கவா கூட்டிட்டுப் போறேன்? அன்னைக்கு பாத்ரூம்ல விழுந்தீங்க, எனக்கு ஒரு வாரம் கழிச்சுதான் தெரியும். இன்னொரு தடவை விழுந்தா நான் பெங்களூர்ல இருந்து எப்படி வருவேன்? யார் இருக்கா இங்க?"

நியாயமான கேள்வி. மருதாசலம் அய்யாதான் தொண்டையைச் செருமினார்.

"விழுந்தா நாங்க நாப்பது பேர் வருவோங் கண்ணு. ஒருத்தனாலயும் தூக்க முடியாது. ஆனா வருவோம். பிசியோக்காரத் தம்பியையும் கூட்டிட்டு வருவோம். அவன் தூக்குவான்."

தங்கவேலு அங்கிள் சிரித்துவிட்டார். ராஜம்மாள் ஆன்ட்டி அவரை முறைத்தார், பிறகு அவரும் சிரித்தார். பியூலா அக்கா சிரிக்கவில்லை. கையிலிருந்த கார் சாவியைப் போர்டின் ஓரத்தில் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அங்கிள் சாவியைப் பார்த்தார். இடது கையால் எடுத்துப் போர்டின் நட்ட நடுவில், ரெட் வைக்கிற இடத்தில் வைத்தார். ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்தார். ஒரே சுண்டு. சாவி மூலைக்குப் பறந்து, குழியில் இறங்காமல் விளிம்பில் ஏறித் தரையில் விழுந்தது.

அங்கிள் மகளைப் பார்த்து, எதிர்ப்பக்கம் நான் இருந்த நாற்காலியைக் காட்டினார். நான் எழுந்துவிட்டேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் எழுந்தேன்.

பியூலா அக்கா நின்றபடியே தன் அம்மாவைப் பார்த்தார். ஆன்ட்டி எங்கோ பார்த்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் தெரியாது, தாயி. நான் சொன்ன சொல்லு மாற மாட்டேன். உங்கப்பா ஒனக்கு வாக்கே குடுக்கலயே," என்றார்.

அக்கா துப்பட்டாவை இழுத்துச் சொருகிக்கொண்டு உட்கார்ந்தார்.

"நமக்கு வெள்ளையாப்பா, கறுப்பா?"

அய்யா முந்திக்கொண்டார். "வெள்ளை. தோத்துட்டு இருக்கீங்."

"அப்படியா? நகருங்க," என்று ஸ்ட்ரைக்கரை எடுத்தார் அக்கா. அப்பாவின் கைதான்.

எனக்குப் பின்னால் யாரோ இடுப்பில் இடித்தார்கள். ஆன்ட்டி. உதடு அசையாமல் பேசுகிற வித்தை எக்ஸ்சேஞ்சில் கற்றிருக்க வேண்டும்.

"ஏட்டி, எத வேடிக்க பாத்துக்கிட்டு நிக்க? சாவிய எடு. டிக்கில ரெண்டு பெட்டி கெடக்கு."

ஓடினேன். பெட்டி ஒவ்வொன்றும் அம்மி மாதிரி கனம். ஒன்றில் சக்கரம் வேறு கழன்றிருந்தது. அதைத் தலையில் வைத்துக்கொண்டு, இன்னொன்றை இழுத்துக்கொண்டு, யாரும் மனசு மாற்றிக்கொள்வதற்குள் நாற்பத்தொன்றாம் வீட்டுக்குப் போய், பரணில் ஏற்றிவிட்டு, ஏணியையும் ஒளித்து வைத்துவிட்டேன்.